நேரலையை விட்டுப் பதிவேட்டுக்கு: கோத்தகிரி ராக்கெட் ஆர்வலர் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் இளைஞர்கள் நடத்தும் படிப்பகம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை, சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை அங்கே வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினோம். அன்று வந்த பிள்ளைகளில் சிலர் அடுத்த வாரமும் வந்து “அடுத்தது எப்போ?” என்று நின்றார்கள். குழு அப்படித்தான் சேர்ந்தது. பெயர் எதுவும் வைக்கவில்லை. ஊரில் ‘ராக்கெட் செட்டு’ என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

பெரியவர்கள் நான்கு பேர்: அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் ஆசிரியை, தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், கோவையில் பொறியியல் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் இளைஞர், படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் நான். பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை. பாதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருபவர்கள்.

மறுபயன்பாட்டு ராக்கெட் பக்கம் குழுவைத் திருப்பியவர் இளைஞர். ராக்கெட்டின் விலையில் பெரும்பங்கு முதல் அடுக்கிலும் அதன் எஞ்சின்களிலும் இருக்கிறது. சில நிமிடங்கள் எரிந்து முடிந்ததும் அது கடலில் விழுந்து தொலைந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவந்து மறுபடி பறக்கவிட முடியுமா என்பதுதான் கேள்வி. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் தன் ஃபால்கன் 9 ராக்கெட்டின் 20-வது பறப்பில் முதல் முறையாக முதல் அடுக்கைத் தரையில் இறக்கியது. 2017 மார்ச்சில், ஏற்கெனவே பறந்த ஒன்றை மீண்டும் ஏவியது. இப்போது ஒரே பூஸ்டர் (முதல் அடுக்கை இப்படியும் சொல்வார்கள்) 30 முறைக்கு மேல் பறந்திருக்கிறது. இவற்றைப் பழைய காணொளிகளாகக் காட்டிக்கொண்டிருந்தவரை சிக்கல் ஒன்றும் எழவில்லை.

2024 அக்டோபர் 13

ஸ்பேஸ்எக்ஸின் பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் ஐந்தாம் சோதனைப் பறப்பு நம் நேரப்படி ஞாயிறு மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் வந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடியாத நேரம். வெளியே மழை பிடித்திருந்ததால் விளையாடப் போக வழியில்லை. படிப்பக மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

33 எஞ்சின் கொண்ட, சுமார் 70 மீட்டர் உயர, அதன் முதல் அடுக்கான சூப்பர் ஹெவி பூஸ்டர் மேலே போய், ஏழு நிமிடத்தில் திரும்பி வந்து, ஏவுதளக் கோபுரத்தின் இரண்டு கைகளுக்கு நடுவே நின்றது. கால்களே இல்லாத ராக்கெட்டைக் கோபுரம் பிடித்துக்கொண்டது. படிப்பகத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதில்லை. ராக்கெட் என்றால் தீபாவளி ராக்கெட் மட்டுமே தெரிந்த பாட்டிகள்கூட எழுந்து நின்றார்கள்.

ஒரு பக்கம் பார்த்தால் அதுதான் குழுவுக்கு நல்ல நாள். பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் விதையும் அன்றுதான் விழுந்தது. அன்று வந்தவர்கள் மனதில் பதிந்த கணக்கு இதுதான்: போனால் ராக்கெட் வந்து பிடிபடும், பிடிபடாவிட்டால் தோல்வி.

நவம்பர் 20, விடியுமுன்

ஆறாம் பறப்பு நம் நேரத்துக்கு அதிகாலை மூன்றரை மணி. வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பிள்ளைகள் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். லைன் வீடுகளிலிருந்து ஒரு கும்பல் டார்ச் லைட்டுடன் கிளம்பியது. தேயிலைத் தோட்ட வளைவில் காட்டெருமை ஒன்று பாதையை மறித்து நின்றது. பிள்ளைகள் பின்வாங்கி, அது நகரும்வரை காத்திருந்து வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோத்தகிரிப் பக்கம் கரடி நடமாட்டம் எப்படிப்பட்டது என்று இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருட்டோடு தோட்டத்துப் பாதையில் பெரியவர்களே தனியாக நடப்பதில்லை.

அன்று பூஸ்டர் கோபுரத்துக்கு வரவில்லை. கோபுரத்தின் முக்கியக் கருவிகளைத் தானியங்கி முறையில் சோதித்தபோது சரியான விடை கிடைக்காததால், பூஸ்டர் மெக்சிகோ வளைகுடாக் கடலுக்குத் திருப்பிவிடப்பட்டது. பொறியியல் கண்ணில் இது நல்ல செய்தி: சந்தேகம் வந்ததும் கோபுரத்தைப் பணயம் வைக்காமல் இயந்திரமே விலகிக்கொண்டது. மண்டபத்தில் கேட்ட குரல் வேறு. “அவ்ளோதானா அண்ணா? தோத்துடுச்சா?” என்றான் ஒன்பதாம் வகுப்புப் பையன். இளைஞர் விளக்கினார். பாதிப் பேர் அதற்குள் எழுந்து போயிருந்தார்கள்.

மறுநாள் ஒரு தாய் படிப்பகத்துக்கு வந்து ஆசிரியையிடம் கேட்டார்: “மிஸ், படிக்கத்தானே அனுப்பறோம். எருமை முட்டியிருந்தா யாரு மிஸ் பதில் சொல்றது?” அதற்கு எங்களிடம் பதில் இல்லை. விடியுமுன் மண்டபம் திறப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தோம். இது விவாதத்துக்கு உரியதாகவே இல்லை.

2025 ஜனவரி: நான்கைந்து நாட்களில் நடந்தவை

அடுத்த வாய்ப்பு பொங்கல் விடுமுறையில் வந்தது. புளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ கிளென் ராக்கெட் முதல் முறையாகப் பறக்க இருந்தது, அதுவும் நம் நேரப்படி பகலில். ஜனவரி 13, போகி அன்று முற்பகல் மண்டபத்தைத் திறந்தோம். ஏவும் முன் வரும் இறங்குமுக எண்ணிக்கை நிறுத்தப்பட்டது, தொடங்கியது, மறுபடி நின்றது. பிற்பகல்வரை இழுத்து, அன்றைக்கு இல்லை என்றார்கள். துணை மின்னாற்றல் கருவிக்குப் போகும் குழாய் ஒன்றில் பனிக்கட்டி படிந்ததே காரணம். ஜனவரிக் காலையில் குழாய்த் தண்ணீர் உறைந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த நீலகிரிப் பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்திருக்க வேண்டிய காரணம். ஆனால் அதைச் சொல்வதற்குள் மண்டபம் காலி.

16-ஆம் தேதி நண்பகலுக்குப் பின் நியூ கிளென் ஏறியது. சுற்றுப்பாதையை அடைந்தது. கடலில் நின்ற கப்பலில் இறங்க வேண்டிய முதல் அடுக்கு வழியிலேயே தொலைந்தது. மண்டபத்தில் மிகச் சிலரே இருந்தார்கள்.

17-ஆம் தேதி அதிகாலை நான்கு மணிக்கு மேல் ஸ்டார்ஷிப்பின் ஏழாம் பறப்பு. மண்டபம் பூட்டியிருந்தது. வீட்டில் ஸ்மார்ட்போனும் சிக்னலும் உள்ள பிள்ளைகள் போர்வைக்குள் பார்த்தார்கள். பூஸ்டர் பிடிபட்டது, மேலே போன ‘கப்பல்’, அதாவது ஸ்டார்ஷிப்பின் மேல் அடுக்கு, சிதறியது. அன்று மாலை படிப்பகத்தில் ஒரு புதுப் பிளவு தெரிந்தது: பார்த்தவர்கள் கதை சொல்ல, லைன் வீட்டுப் பிள்ளைகள் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை அந்தக் குழுவில் அப்படி ஒரு வேறுபாடு இருந்ததில்லை.

அதே ஜனவரி 17 அன்று திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ ஒரு சோதனை நடத்தியது. விகாஸ் எஞ்சினை 60 விநாடி எரியவிட்டு, 120 விநாடி அணைத்துவைத்து, மறுபடி எரியவிட்டு 7 விநாடி ஓட்டினார்கள். இஸ்ரோவின் ராக்கெட்டுகளான பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கிலும் எல்.வி.எம்.3-ன் நடு அடுக்கிலும் இருப்பது இந்த எஞ்சின்தான். முதல் அடுக்கை மீட்க நினைப்பவர்களுக்கு, அணைத்த எஞ்சினை மறுபடி ஏற்றுவது மிக அடிப்படையான படி. எங்கள் குழுவில் ஒருவருக்கும் அது நடந்தது தெரியாது. ஆசிரியை சில நாட்கள் கழித்து செய்தித்தாளின் உள்பக்கத்தில் பார்த்துக் கத்தரித்துக் கொண்டுவந்தார்.

கவனித்தவை

ஜனவரிக் கடைசியில் பெரியவர்கள் நால்வரும் உட்கார்ந்தோம். வருகை குறைந்தது ஒரு விஷயம். அதைவிட என்னை உறுத்தியது வேறு. பிள்ளைகளிடம் ‘அக்டோபரில் என்ன நடந்தது?’ என்றால் அத்தனை பேரும் சொன்னார்கள். ‘நவம்பரில் ஏன் கடலுக்குப் போனது?’ என்றால் ஒருவரும் சொல்லவில்லை. இந்தத் துறையில் வளர்ச்சி என்பது இந்த ‘ஏன்’களின் வரிசை. நாங்கள் அதை விட்டுவிட்டு வாணவேடிக்கை காட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று, நேரலை நமக்காக எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது. நிறுவனம் நடத்தும் நேரலை விளம்பரமும்தான். வர்ணனையாளர்கள் வெடிப்புக்கும் கைதட்டுவார்கள். மகேந்திரகிரிக்கு வர்ணனையும் இல்லை, கைதட்டலும் இல்லை. எந்தத் திரை பெரிதோ அதையே பின்தொடர்ந்தால், நம் மாநிலத்தில் நடந்த சோதனைகூட நமக்குத் தெரியாமல் போகும் என்பதற்கு அந்த ஜனவரி 17-ஐ விட வேறு சான்று தேவையில்லை.

எடுத்த முடிவு

ஆசிரியை சொன்ன யோசனை: நேரலையைக் குழுவின் நிகழ்ச்சியாக வைக்க வேண்டாம். பறப்புக்கு அடுத்து வரும் சனிக்கிழமை மாலை கூடுவோம். பதிவேடு ஒன்று வைப்போம்.

இளைஞர் ஒத்துக்கொள்ளவில்லை. “நேரலை இல்லேன்னா பசங்க வரமாட்டாங்க, மிஸ். அந்த நிமிஷத்துல இருக்கற துடிப்பு சனிக்கிழமை வராது.” பிட்டர் பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், “மிஷின் நின்னா எல்லாரும் ஓடிவந்து பாப்பாங்க தம்பி. ஏன் நின்னுச்சுன்னு லாக் புக்ல எழுதறவன் ஒருத்தன்தான். அடுத்த தடவ நிக்காம இருக்கறது அவனாலதான்” என்றார்.

முடிவு அவர் பக்கம் சாய்ந்தது. இளைஞரின் கவலையும் நியாயமானது என்பதால், பகலில் வரும் பறப்புகளை மட்டும் மண்டபத்தில் காட்டலாம் என்று வைத்துக்கொண்டோம்.

பதிவேட்டில் மூன்று பத்தி. முதலாவது, பறப்புக்கு முன் எழுதுவது: இந்த முறை எதைச் சோதிக்கிறார்கள். இரண்டாவது, பறப்புக்குப் பின்: கேமராவில் கண்டது, அறிவிப்பில் கேட்டது, அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. மூன்றாவது, காரணம் எழுதும் பத்தி. யார் வேண்டுமானாலும் பென்சிலில் ஊகம் எழுதலாம், பக்கத்தில் தன் பெயர் போட வேண்டும். பேனா எடுப்பது, நிறுவனமோ அரசின் ஒழுங்குமுறை அமைப்போ காரணத்தை வெளியிட்ட பிறகுதான். வராதவரை அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும்.

முதல் கூட்டங்கள்

பழையவற்றிலிருந்து தொடங்கினோம், ஏனென்றால் அவற்றுக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும். 2015 ஜனவரி 10: ஃபால்கன் 9-ன் முதல் அடுக்கு கடல் மிதவையில் மோதி உடைந்தது. வழிகாட்டும் சட்டகத் துடுப்புகளை அசைக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் தரையிறங்கும் முன்பே தீர்ந்துவிட்டது. அடுத்த ராக்கெட்டில் எண்ணெயைப் பாதி அளவு கூட்டினார்கள்.

2015 ஏப்ரல் 14-க்குத்தான் கூட்டம் சூடு பிடித்தது. அன்று முதல் அடுக்கு மிதவைக்கு மேல் வந்து, பக்கவாட்டில் ஆடி, சாய்ந்து விழுந்தது. எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் வால்வில் உராய்வு அதிகமாகி, சொன்ன நேரத்தில் அசையவில்லை என்பது காரணம். இதை ஆசிரியை கரும்பலகையில் வரைபடம் போட்டு விளக்க, பிள்ளைகள் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். பெரியவர் எழுந்தார். தொழிற்சாலையில் தேயிலை டிரையருக்கு அனல் அனுப்பும் ஹீட்டரின் டேம்பரைப் பற்றி, அதாவது அனலைக் கூட்டிக் குறைக்கும் தகட்டைப் பற்றிச் சொன்னார்.

“டேம்பர் சிக்கிக்கிச்சுன்னா என்ன ஆகும்? கொஞ்சம் தள்ளுவோம், வராது. இன்னும் தள்ளுவோம், வராது. அப்புறம் ஒரேயடியா தொறந்துக்கும். சூடு எகிறும். பதறிப்போய் மூடுவோம், அதுவும் லேட்டாத்தான் மூடும். அதுக்குள்ள தூள் கருகிடும்.”

“அப்போ கம்ப்யூட்டர் தப்பு பண்ணல, தாத்தா?” என்றாள் பதினோராம் வகுப்பு மாணவி.

“கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லுச்சு பாப்பா. வால்வு கேக்கல. கேக்கலன்னு தெரியாம அது மறுபடி மறுபடி சொல்லுச்சு. அதான் ஆட்டம்.”

கட்டுப்பாட்டுப் பொறியியலில் தாமதம் ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் கேட்டதில்லை.

2016 ஜனவரி 17-க்கு அவர் பையில் ஒரு கோலெட் (பிடித்துப் பூட்டும் உலோக வளையம்) கொண்டுவந்தார், நண்பரின் லேத் பட்டறையிலிருந்து வாங்கியது. அன்று ராக்கெட் மிதவையில் மெதுவாகவே இறங்கியது. நான்கு கால்களில் ஒன்றைப் பூட்டும் கோலெட் மாட்டவில்லை. கால் மடங்கியது, ராக்கெட் சாய்ந்து வெடித்தது. ஏவும்போது கலிபோர்னியக் கடற்கரையில் கடும் மூடுபனி, அந்த ஈரம் உறைந்து பூட்டை மறித்திருக்கலாம் என்றார்கள். கோலெட் பிள்ளைகளிடம் கைமாறிக் கைமாறிப் போனது. மூடுபனி என்றதும் ஒரு பையன் 2021 மார்ச் 30-ஐக் கண்டுபிடித்து வந்தான்: ஸ்டார்ஷிப் மாதிரி எண் 11, கண் தெரியாத மூடுபனிக்குள் ஏறி, மூடுபனிக்குள்ளேயே சிதறியது. பார்த்தவர்களுக்கு விழுந்த துண்டுகளின் சத்தம் மட்டுமே மிச்சம். மீத்தேன் கசிந்து, ஒரு எஞ்சினில் தீப்பிடித்து, மின்னணுக் கருவிகள் கருகியதே காரணம் என்று பின்னால் வந்தது. ‘இரண்டாம் பத்தியில் என்ன எழுதறது மிஸ்?’ என்று கேட்டான். ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதச் சொன்னார் ஆசிரியை.

விதி சோதனைக்கு உள்ளானது

ஏழாம் பறப்பின் கப்பல் ஏன் தொலைந்தது என்று பிப்ரவரி இறுதியில் ஸ்பேஸ்எக்ஸ் வெளியிட்டது. தரைச் சோதனைகளில் கண்டதைவிடப் பல மடங்கு வலுவான அதிர்வு எழுந்து, உந்துவிசை அமைப்பின் பாகங்கள் மீது பளு கூடி, கசிவும் தீயும் உண்டாயின. பேனாவில் ஏறியது.

மார்ச் 7 அதிகாலை எட்டாம் பறப்பு. பூஸ்டர் மறுபடி பிடிபட்டது. கப்பல் ஏறத்தாழ அதே கட்டத்தில் மறுபடி தொலைந்தது. சனிக்கிழமை கூட்டத்தில் ஒரே சத்தம்: அதே காரணம்தான், பேனாவிலேயே எழுதிவிடலாம். இளைஞரும் அந்தப் பக்கம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆசிரியை விடவில்லை. ‘அதே அதிர்வு’ என்று பென்சிலில், பல பெயர்களோடு ஏறியது.

மே மாதம் அறிக்கை வந்தது. நடு எஞ்சின்களில் ஒன்றில் ஒரு பாகம் உடைந்து, எரிபொருளும் ஆக்சிஜனும் தேவையில்லாத இடத்தில் கலந்து எரிந்ததே காரணம். நேரம் ஒத்துப்போனாலும் இரண்டும் வேறு வேறு தோல்விகள் என்று நிறுவனமே தனியாகச் சுட்டிச் சொன்னது. அந்தச் சனிக்கிழமை பதிவேட்டைப் பிரித்தபோது பென்சில் போட்டவர்கள் சிரித்தார்கள். யாரும் கோபப்படவில்லை.

இதற்கு நடுவில் ஏப்ரலில் நடந்ததுதான் இந்த ஆய்வை எழுதத் தூண்டியது. நியூ கிளென் முதல் அடுக்கு தொலைந்த காரணத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மார்ச் கடைசியில் வெளியிட்டிருந்தது: எஞ்சின்கள் மறுபடி எரியத் தொடங்கவில்லை. திரும்பும் வழியில் வேகத்தைக் குறைக்க எரிய வேண்டிய எஞ்சின்கள் எரியாததால் எல்லாம் போயிற்று. இதைப் பேனாவில் எழுதிய அந்தப் பதினோராம் வகுப்பு மாணவி, அடுத்த வரியைப் பார்த்து நிறுத்தினாள். ஜனவரி 16-க்கு அடுத்த வரி ஜனவரி 17, மகேந்திரகிரி, ‘எதைச் சோதிக்கிறார்கள்: அணைத்த எஞ்சினை மறுபடி ஏற்றுதல்’. “மிஸ், இவங்க எதுல தோத்தாங்களோ அதத்தானே மறுநாள் நம்மாளுங்க டெஸ்ட் பண்ணாங்க?” இரண்டுக்கும் தொடர்பு இல்லை, எஞ்சினும் எரிபொருளும் வேறு என்று ஆசிரியை தெளிவாகச் சொன்னார். விகாஸில் எரிபொருளும் ஆக்சிகரணியும் தொட்டாலே பற்றிக்கொள்ளும், நியூ கிளெனில் மீத்தேனைப் பற்றவைத்தாக வேண்டும். ஆனால் கேள்வி ஒன்றே என்பதில் மாணவி சொன்னது சரி. பதிவேடு இல்லாமல் அந்த இரண்டு வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்காது.

விளைவு

இளைஞர் எச்சரித்தது பலித்தது. அக்டோபர் கூட்டம் திரும்ப வரவில்லை. சனிக்கிழமைகளில் வருவோர் ஒரு பெஞ்சு, இரண்டு பெஞ்சு அளவுதான். ஊர்க்காரர்கள், பாட்டிகள் யாரும் வருவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. இதை வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருபவர்கள் மாறினார்கள். லைன் வீட்டுப் பிள்ளைகள்தான் இப்போது அதிகம், ஏனென்றால் சனிக்கிழமை எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் செய்தி வருகிறது. மே 28-ல் ஒன்பதாம் பறப்பு நடந்தது. ஏற்கெனவே பறந்த சூப்பர் ஹெவி ஒன்று முதல் முறையாக மறுபடி பறந்தது, 33 எஞ்சினில் 29 பழையவை. இறங்கும்போது அந்த பூஸ்டர் தொலைந்தது. ஒருவர்கூட ‘தோத்துடுச்சா’ என்று கேட்கவில்லை. ‘எந்தக் கோணத்துல இறக்கிப் பாத்தாங்க?’ என்று கேட்டார்கள். காரணமும் அதை ஒட்டியே ஆகஸ்டில் வந்தது: வேண்டுமென்றே கூடுதல் சாய்வில் இறக்கியதில் விசை தாங்காமல் உள்ளே எரிபொருள் குழாய் உடைந்தது. நவம்பர் 14 அதிகாலை, நியூ கிளெனின் முதல் அடுக்கு இரண்டாம் பறப்பிலேயே கடலில் நின்ற கப்பலில் இறங்கியது. எஞ்சின்கள் இந்த முறை மறுபடி எரிந்தன.

இஸ்ரோவின் இறக்கை கொண்ட புஷ்பக் ஊர்தி சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்டுத் தானாக ஓடுபாதையில் இறங்கிய மூன்று சோதனைகளும் பின்னோக்கி ஏற்றப்பட்டிருக்கின்றன: 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23. மூன்றாவதில் ஓடுபாதையின் நேர்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் 500 மீட்டர் விலகிய இடத்தில் விட்டு, தானே திருத்திக்கொண்டு இறங்கவைத்தார்கள். தொட்ட வேகம் மணிக்கு 320 கி.மீ.க்கு மேல்.

மாற்ற வேண்டியவை

அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன, மொழிபெயர்ப்பு முழுவதும் ஆசிரியை தலையில். அவர் மாற்றலாகிப் போனால் பேனாப் பத்தி நின்றுவிடும். பிளஸ் டூ பிள்ளைகள் இருவரை இதற்குப் பழக்கத் தொடங்கியிருக்கிறோம்.

தவறிய பென்சில் ஊகங்களைச் சிலர் ரப்பரால் அழிக்கிறார்கள். இனி கோடு மட்டும் போட வேண்டும், பெயரோடு அது அங்கேயே இருக்க வேண்டும் என்பது புது விதி.

வேறொரு ஊரில் யாராவது இதைச் செய்வதாக இருந்தால், பதிவேட்டை முதல் நாளே தொடங்குங்கள், நேரலையைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்ததால்தான் கூட்டத்தைப் பழக்கி, பிறகு இழக்க வேண்டியதாயிற்று. பகல்நேரப் பறப்புகளுக்கு ஊரையே அழைக்கலாம், ஆனால் முதல் பத்தியைச் சத்தமாகப் படித்துவிட்டுத் திரையைப் போட வேண்டும்.

நான்காவது பத்தியும் சேர்கிறது: பறப்புக்கும் காரணம் வெளியானதற்கும் இடையில் எத்தனை நாள். அடுத்த தலைமுறை ஏவூர்திக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் 8,240 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. முதல் அடுக்கை மீட்பதுதான் அதன் திட்டம். அதற்காகப் பதிவேட்டின் பின்பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். அந்தப் பக்கங்களை யார் பொறுப்பில் விடுவது என்பது அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும்.